பாம்பு மோகனுக்குப் போன் பார்த்த கதை

சேலையூர் ஏரியில் தொடங்கி அடையாற்றங்கரை வரைக்கும் உள்ள அத்தனை பாம்புகளுக்கும் மோகன்ராஜின் கைபேசி எண் மனப்பாடம். வழி தவறி யார் வீட்டுக்குள்ளாவது நுழைந்துவிட்டால், அவையே வால் நுனியால் எண்ணைத் தட்டி, "அண்ணா, வந்து இட்டுகினு போ" என்று கூப்பிடும்.

சரி, சரி. இது கொஞ்சம் கூடுதல்தான். பாம்புக்கு ஏது சிம் கார்டு? ஆனால் பாம்பு நுழைந்த வீட்டுக்காரர்களுக்கு அந்த எண் மனப்பாடம் என்பதில் எள்ளளவும் பொய் இல்லை. ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்துக் காலனிகளில் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாத வீடுகள் எத்தனையோ உண்டு. 'பாம்பு மோகன்' என்று ஒரு பெயரைச் சேமித்து வைக்காத போன் கிடையாது.

மோகன்ராஜுக்கு நாற்பது தாண்டிவிட்டது. வீடு அனகாபுத்தூரில், ஆட்டோ நுழைந்தால் எதிரே வருகிற சைக்கிள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில். வேலை திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், தகடுகளை வெட்டி வளைத்து மின்சாரப் பெட்டி செய்கிற பட்டறையில். பாம்பு அவனுக்குத் தொழில் அல்ல. அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அடையாறு ஊருக்குள் வந்த அந்தப் பெருமழை வருஷத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவன் மனைவி பச்சையம்மா பரணிலிருந்து இட்லிக் குண்டானை இறக்கினாள். மூடியைத் திறந்தாள். திரும்ப மூடினாள்.

"யோவ், குண்டான்ல ஒருத்தர் சுருட்டிகினு படுத்துகீறாரு. எழுப்பி வெளிய உடு" என்றாள், விருந்தாளியைச் சொல்கிற மாதிரி.

குண்டானோடு தூக்கிப் போய் முருங்கை மரத்தில் விட்டதுதான் முதல் பாம்பு. அந்த மழையில் மட்டும் நாற்பது பாம்பு என்பான் மோகன்ராஜ். பதினாலுதான் என்பாள் பச்சையம்மா. பிறகு வனத்துறைக்காரர்களிடம் முறையாகக் கற்றுக்கொண்டு, அவர்களிடமே அனுமதி அட்டையும் வாங்கினான். வெறுங்கையால் பிடித்து வீரம் காட்டுகிற வேலையெல்லாம் அவனிடம் இல்லை. ஒரு கொக்கிக் கம்பி, ஒரு பிவிசி குழாய், குழாயின் முனையில் கட்ட ஒரு துணிப்பை. குழாயின் இருட்டைப் பார்த்தால் பாம்பு பொந்து என்று நினைத்துத் தானே நுழைந்துவிடும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பொறுமை வீட்டுக்காரர்களுக்கு இருக்காது. அதற்காகத்தான் போன் வேண்டும். "ஒன்னும் ஆவாது கண்ணு, கதவ சாத்திட்டு எட்ட நில்லு, நான் வந்துகினே இருக்கேன்" என்று ஒரு குரல் காதில் கேட்டுவிட்டால், தடியைத் தேடுகிற கை தானாக இறங்கிவிடும்.

அந்தக் குரல்தான் கொஞ்ச காலமாகக் கேட்காமல் போனது.

கூப்பிட்டவர்களுக்கெல்லாம் பதிவு செய்த பெண் குரல் ஒன்றுதான் கிடைத்தது: வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். "யாரு அவ? எப்பப் பாத்தாலும் உனக்குப் பதிலா அவளே பேசறா?" என்று பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்த பச்சையம்மாகூடக் கேட்டுவிட்டாள். பட்டறையின் தகரக் கொட்டகைக்குள் டவர் எடுக்காது என்பது மோகன்ராஜுக்குத் தெரியும். அதனால் மணிக்கு ஒரு தரம் வாசல் கேட்டுக்கு ஓடி, போனை வானத்துக்குத் தூக்கிக் காட்டிவிட்டு வருவான். சூரியனுக்கு அர்க்கியம் விடுகிற மாதிரி இருக்கும். ஆனால் இப்போது வீட்டிலும் இல்லை, வழியிலும் இல்லை. எதுவும் வருவதில்லை. போன் கிழமாகிவிட்டது என்று முடிவு கட்டினான்.

இப்படி இருக்கும்போதுதான் தாமரை நகரில் அது நடந்தது. விஷ்ணுப்ரியா அந்தக் காலனிப் பெண். காரில் ஊர் ஊராகப் போய் எந்த மூலையில் டவர் எடுக்கிறது, எந்த மூலையில் இல்லை என்று அளப்பதே அவள் உத்தியோகம். ஒரு சாயங்காலம் அவளுடைய ஸ்கூட்டரின் முன்பக்கத்திலிருந்து ஒரு வால் தொங்கியது. அவள் மோகன்ராஜைக் கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் குரல் 'எல்லைக்கு வெளியே' என்று பாடிக்கொண்டே இருந்தது. கூட்டம் கூடியது. யாரோ கத்தினார்கள். வாட்ச்மேன் சின்னப்பன் தடியோடு வந்தார்.

யாரோ ஒருவர் பட்டறைக்கே ஆள் அனுப்பிச் சொல்லி மோகன்ராஜ் வந்து சேர்ந்தபோது, ஸ்கூட்டர் பக்கத்தில் அது நசுங்கிக் கிடந்தது. அவன் குந்தி உட்கார்ந்து இரண்டு விரலால் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"தண்ணிப் பாம்பும்மா. வெஷமே கெடையாது. தவளைய தொரத்திகினு வந்துகீது" என்றான். அவ்வளவுதான் சொன்னான். சின்னப்பன் தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். விஷ்ணுப்ரியாவுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை.

காலனிச் சங்கத்தின் செயலாளர் வைத்தீஸ்வரன் ஓய்வு பெற்ற அதிகாரி. யாரையும் புண்படுத்தாமல் கழுத்தறுக்கத் தெரிந்தவர்.

"மோகன், தப்பா எடுத்துக்காதே. ஞாயித்துக்கிழமை வாசல் போர்டைப் புதுசா எழுதறோம். கரண்ட் ஆபீஸ், ஆம்புலன்ஸ், பிளம்பர் எல்லாம் இருக்கும். கிடைக்காத நம்பரை நான் எப்படி எழுதறது, சொல்லு? ஜனங்க அதை நம்பிக் காத்துண்டு நிக்கும். நிக்கற நேரத்துல கடிச்சுடுத்துன்னா?"

அவர் சொன்னது சரிதான் என்று மோகன்ராஜுக்குத் தெரியும். ஆனால் எண்ணை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு என்ன வரும் என்பதும் அவனுக்குத் தெரியும். சின்னப்பனின் தடி வரும். தாமரை நகரைப் பார்த்துப் பக்கத்துக் காலனியிலும் எடுப்பார்கள், அதைப் பார்த்து அடுத்ததிலும்.

"ஞாயித்துக்கெழமக்குள்ள புது போனோட வரேன் சார். அது வரைக்கும் பெயிண்ட் டப்பாவ தொறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அதே சட்டையோடு மேற்குத் தாம்பரத்துக்கு வண்டியை விட்டான்.

அங்கே பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஷெர்வினின் போன் கடை. ஷெர்வின் ஆளைப் பார்த்ததும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிட்டான்.

"அண்ணா, உங்களுக்குன்னே வந்துகீது பாருங்க. மூணு கேமரா. பாம்புச் செதில ஒண்ணு ஒண்ணா எண்ணலாம்."

"எண்றதுக்கா நான் பாம்பு புடிக்கறேன்? டவர் எடுக்குமா, அத்த சொல்லு."

"கோடு ஃபுல்லா நிக்குதே, பாத்தீங்களா!"

நின்றதுதான். அந்தப் போனிலும் நின்றது, அடுத்த போனிலும் நின்றது, கடையிலிருந்த அத்தனை போனிலும் நின்றது. கடைசியில் மோகன்ராஜின் பழைய போனை எடுத்துப் பார்த்தால் அதிலும் முழுசாக நின்றது! கடைக்கு நேர் எதிர் மொட்டை மாடியில் செல்போன் கோபுரம். அங்கே செங்கல்லை நீட்டினாலும் நாலு கோடு காட்டும். மோகன்ராஜ் தலையைச் சொறிந்துகொண்டு விஷ்ணுப்ரியாவைக் கூப்பிட்டான். ஒலிபெருக்கியில் அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"கோட்டைப் பாக்காதீங்கண்ணா! கோடு ஒவ்வொரு கம்பெனியும் அவங்க இஷ்டத்துக்குப் போட்டுக்கறது. கல்யாண ஆல்பத்துல எல்லாரும் சிவப்பா இருப்பாங்க இல்ல, அந்த மாதிரி. உள்ள செட்டிங்க்ஸ்ல ஒரு நம்பர் ஒளிஞ்சிருக்கும், அதுதான் நிஜம். அப்புறம் இந்தக் கடையில பாத்து ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. சுலபமான பரீட்சை வெச்சா எல்லாப் பசங்களும்தான் நூறு வாங்குவாங்க. எங்க காலனி பம்ப் ரூம் சந்துக்குக் கொண்டு வாங்க. அங்க நானே போன் பேச முடியாது."

"எல்லாத்தையுமா?" என்றான் ஷெர்வின், கண்ணாடிப் பெட்டியைச் சாத்திக்கொண்டே.

"மூணு போதும். அண்ணாவோட சிம்மைத்தான் மாத்தி மாத்திப் போடணும், ஆளுக்கு ஒரு சிம் கூடாது. வேற வேற சிம் போட்டா நீங்க போனை அளக்கலை, டவர் கம்பெனியை அளக்கறீங்க."

"அக்கா, சரக்கைத் தூக்கிகினு தெருத் தெருவா போய்ப் பொண்ணு காட்டற பழக்கம் எங்க கடையில இல்ல…"

"ஷெர்வினு" என்றான் மோகன்ராஜ் மெதுவாக. "போன வருசம் உன் ஷட்டருக்குள்ள ஒரு கட்டுவிரியன் வந்து பொண்ணு பாத்துச்சே, ஞாபகம் கீதா?"

ஷெர்வின் மூன்று போன்களை எடுத்துத் துணியில் சுற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை தாமரை நகரில் ஒரு திருவிழாக் களை. பம்ப் ரூமுக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருக்கிற அந்தச் சந்தில் சங்கத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். வாசல் போர்டு வெள்ளையடிக்கப்பட்டு மொட்டையாக நின்றது. பெயிண்டர் குமரவேல் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான். பச்சையம்மா ஒரு பெரிய தூக்கு நிறைய வாழைக்காய் பஜ்ஜியோடு வந்து இறங்கினாள்.

"பொண்ணு பாக்கப் போறோம், வெறுங்கையோடவா வர்றது?" என்று சொல்லி முதல் பஜ்ஜியை வைத்தீஸ்வரனுக்கே கொடுத்தாள். அவர் வாய் அடைபட்டுப் போனதால் விழா தாமதமில்லாமல் தொடங்கியது.

"முதல்ல பழைய போன்" என்றாள் விஷ்ணுப்ரியா. "எப்பவும் எப்படிப் பிடிப்பீங்களோ அப்படியே பிடிங்கண்ணா. நம்பர் குதிக்கும், அடங்கற வரைக்கும் நகராதீங்க."

மோகன்ராஜ் போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி நின்றான். எண் குதித்தது, ஏறியது, இறங்கியது, அடங்கியது.

"நூத்திப் பத்தொன்பது!" என்று படித்தார் வைத்தீஸ்வரன். "பேஷ்! பழசே இவ்வளவு வாங்கறதே!" கூட்டமும் கை தட்டிவிட்டது.

"சார், சார், முன்னாடி மைனஸ் இருக்கு!"

"இருந்தா?"

விஷ்ணுப்ரியா தரையைக் காட்டினாள். "நம்ம போர்வெல் மாதிரி வெச்சுக்கோங்க. எண்பது அடியில தண்ணி கிடைச்சா நல்லதா, நூத்தியிருபது அடியிலயா?"

அவ்வளவுதான். தாமரை நகர் முழுவதும் ஒரே மூச்சில் 'ஐயோ' என்றது. போன கோடையில் ஒவ்வொரு வீட்டிலும் போர் எத்தனை அடிக்குப் போனது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஷெர்வின் சின்ன ஊசியால் சிம்மை எடுத்து மூன்று கேமரா போனில் போட்டான். மைனஸ் நூற்றொன்று. "கேமரா மூணு, தண்ணி நூத்தியோரு அடி" என்றான் குமரவேல். அடுத்தது தடியாக, கறுப்பாக, அழகென்று சொல்ல ஒன்றுமில்லாத ஒரு போன். மைனஸ் தொண்ணூற்றைந்து! கூட்டம் எழுந்துவிட்டது. மூன்றாவது வழவழப்பான நீலப் போன், மைனஸ் தொண்ணூற்றெட்டு.

"தடியன்தான் மாப்ள!" என்று யாரோ கத்தினார்கள். தங்கள் வீட்டுப் போன்களைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள், "எங்களோடதையும் பாரும்மா" என்று. சிவப்பு உறை போட்ட ஒரு போன் நூற்றுப் பதினாறு வாங்கி, அதன் சொந்தக்காரர் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டார். சின்னப்பன் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்வரிசைக்கு வந்தார். மோகன்ராஜ் மொட்டைப் போர்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். இதோ, இன்னும் கொஞ்ச நேரம்.

பச்சையம்மா தடிப் போனை வாங்கி, முந்தானையால் துடைத்து, ஒரு குங்குமப் பொட்டு வைத்து, பழைய போனின் உறையையும் அதன் உறையையும் கழற்றி மாட்டி, கண்ணில் ஒற்றிக் கணவன் கையில் கொடுத்தாள். "எதுக்கும் இன்னொரு வாட்டி பாத்துடலாம்" என்றாள் விஷ்ணுப்ரியா. ஷெர்வின் சிம்மை மறுபடி அதில் போட்டான்.

மைனஸ் நூற்றுப் பதினாலு.

முன்வரிசை எழுந்து திரையை எட்டிப் பார்த்தது.

"என்னப்பா இது? தாலி கட்டறதுக்குள்ள மாப்பிள்ளை மாறிட்டானே!" என்றார் வைத்தீஸ்வரன்.

"ஷெர்வினு, இன்னா டகல்பாஜி வேல இது?" என்றான் மோகன்ராஜ்.

"அண்ணா, சத்தியமா அதே போனுண்ணா! நான் தொடவே இல்ல!"

"கண்ணு பட்டுடுச்சு" என்றாள் பச்சையம்மா தீர்மானமாக. "ஊரே கூடி நின்னு கை தட்டினா தாங்குமா? இந்த நீலத்தப் போட்டுப் பாரு." சொல்லிக்கொண்டே தடிப் போனை வாங்கித் திரும்பவும் உறையைக் கழற்றினாள். ஷெர்வின் சிம்மை நீலப் போனுக்கு மாற்றினான். எண்ணைப் பார்ப்பதற்காக விஷ்ணுப்ரியா குனிந்தாள்.

அந்த நேரத்தில் நீலப் போன் மணி அடித்தது.

எல்லோரும் துள்ளிவிட்டார்கள். பாதிப் பேர் நாற்காலி மேல் ஏறினார்கள், பாம்பே அதிலிருந்து வந்துவிட்டது போல.

"பாம்பு மோகன்ராஜா? நான் ஞானாம்பாள். அடுத்த தெரு, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர்." குரல் அசையவில்லை. "என் வாஷிங் மெஷினுக்குப் பின்னால ஒரு பாம்பு இருக்கு. படம் எடுத்துது, இறக்கிடுத்து. நான் சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கறேன். கதவுக்குக் கீழே ஒரு விரற்கடை இடைவெளி இருக்கு. நீங்க நிதானமா வாங்க. ஆனா சீக்கிரம் வாங்க."

"அம்மா, போன வெக்காதீங்க! கதவிடுக்குல துணிய சொருவுங்க. எங்க போவுதுன்னு மட்டும் சொல்லிகினே இருங்க. வந்துட்டேன்!"

குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் ஓட, ஊரே பின்னால் ஓடியது. காதில் ஞானாம்பாள் கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார்: "தலை இடது பக்கம். இப்போ பைப் மேல. இப்போ இறங்கறது…"

"யோவ், நில்லு! வெறும் போனோட பாம்பாண்ட போவாத!" என்று கத்திக்கொண்டே பச்சையம்மா அவன் தோளை எட்டிப் பிடித்தாள். அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கி, உறையைக் கழற்றி, எதையோ செருகி, படக்கென்று மாட்டி அவன் காதிலேயே திரும்ப வைத்தாள். எல்லாம் ஒரே மூச்சு.

"இப்போ கதவுப் பக்கம் திரும்…"

அதோடு சரி.

"ஹலோ? டீச்சரம்மா? ஹலோ!"

பக்கத்தில் ஓடி வந்த விஷ்ணுப்ரியா திரையைப் பார்த்துவிட்டாள். "அக்கா, இப்ப என்ன பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்? உறை போட்டேன்."

"உறைக்குள்ள?"

பச்சையம்மா அதைக் கேட்கக்கூடாத கேள்வி மாதிரி பார்த்தாள். "அம்மன் கீறா." உறையைக் கழற்றிக் காட்டினாள்.

பிஸ்கட் அளவுக்கு ஒரு செப்புத் தகடு. நடுவில் ஐந்து தலை நாகம், சுற்றிலும் எழுத்து. ஆடி மாதத்தில் நாகாத்தம்மன் கோயிலில் பூஜையில் வைத்து வாங்கி வந்தது. புருஷன் சாப்பாட்டுத் தூக்கை மறப்பான், சாவியை மறப்பான், போனை மட்டும் மறக்க மாட்டான். ஆகவே அவனைக் காப்பாற்ற வேண்டியவளைப் போனுக்குள்ளேயே குடிவைத்தாள். அன்று முதல் உறையின் அடிப்பாகத்தில் அம்மன் இருந்தாள். இன்று காலையிலிருந்து, எந்தப் போன் ஜெயிக்கிறதோ அதற்கு இடம் மாறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஆன்டெனா சரியா அந்த இடத்துலதான் இருக்கு. மேல செம்பை வெச்சா சிக்னல் எப்படி உள்ள போகும்?"

மோகன்ராஜ் நடுத்தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டான். "தகரக் கொட்டாய்க்குள்ள டவர் எடுக்காதுன்னு தெனம் கேட்டாண்ட ஓடறேன். ஜோபிலயே ஒரு கொட்டாய் கட்டி வெச்சிகினு ஓடியிருக்கேன்டா!"

யாரோ சிரித்தார்கள். பச்சையம்மா சிரிக்கவில்லை. தகட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"அப்ப அன்னிக்கி அந்தத் தண்ணிப் பாம்பு செத்தது… அம்மனாலன்றியா?"

பஜ்ஜி எண்ணெய் விரலோடு மூச்சு வாங்க வந்து சேர்ந்த வைத்தீஸ்வரன்தான் பேசினார்.

"அம்மன் மேல ஒரு தப்பும் இல்லைம்மா. கர்ப்பக்கிரகத்தைக் கொண்டு வந்து வாசல் கதவுல வெச்சா பக்தன் எந்த வழியா உள்ள வருவான்? இடம்தான் தப்பு. மேல பாரு, ஓட்டை இருக்கே. கயித்துல கோத்துக் கட்டிக்கத்தான் பூசாரி கொடுத்திருக்கார்."

பச்சையம்மா பார்த்தாள். தகட்டின் தலைப்பில் அழகாக ஒரு துளை. அடுத்த நொடி அவள் தூக்கைக் கட்டிவந்த சணலை இடுப்பிலிருந்து உருவிக் கோத்து, தெரு என்றும் பாராமல் புருஷனின் சட்டையைத் தூக்கி அரைஞாணோடு முடிந்துவிட்டாள். உறை கழன்ற போன் அதற்குள் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.

"வகுப்பு நடுவுல எழுந்து போற பழக்கம் எனக்குப் பிடிக்காது" என்றார் ஞானாம்பாள். "துணி செருகியாச்சு. அது இப்போ மெஷினுக்கு அடியில. எங்க இருக்கீங்க?"

"உங்க வூட்டு கேட்டாண்டம்மா!"

அதன் பிறகு நடந்ததை வெளியே நின்றவர்கள் காதால்தான் பார்த்தார்கள். மோகன்ராஜ் உள்ளே போனான், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டான். மெஷின் மெதுவாக நகர்கிற சத்தம். ஒரு சீறல். வெளியே நின்ற வைத்தீஸ்வரன் கந்த சஷ்டி, சகஸ்ரநாமம் இரண்டையும் கலந்து முணுமுணுத்தார். உள்ளே நாலடி நீளத்துக்கு ஒரு நல்ல பாம்பு படம் விரித்து அவனைப் பார்த்தது. அவன் குழாயின் வாயை அதன் பக்கமாகத் தரையில் வைத்துவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு சிலையாக நின்றான். பாம்பு அவனை அளந்தது. குழாயை அளந்தது. படத்தைச் சுருக்கிக்கொண்டு, இதுதான் தன் வீடு என்று இருட்டுக்குள் வழுக்கிப் போனது. வால் உள்ளே போனதும் அவன் பையின் கழுத்தை முறுக்கினான்.

கதவு திறந்தது. பையைத் தூக்கிக் காட்டினான். அந்தத் தெரு போட்ட கூச்சல் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் கேட்டிருந்தால் ஒரு விமானமாவது கிளம்பியிருக்கும். சின்னப்பன் கிட்டே வந்து பையை எட்டிப் பார்த்து, "உசுரோட கீதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றதும், ஏனோ தெரியாது, மோகன்ராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பையைப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, எல்லோரும் திரும்பவும் பம்ப் ரூம் சந்துக்கே வந்தார்கள். விஷ்ணுப்ரியாவுக்கு ஒரு கணக்கு பாக்கியிருந்தது. சிம்மைப் பழைய போனில் போடச் சொன்னாள். தகடு இல்லாத வெறும் பழைய போன். எண் குதித்தது, ஏறியது, இறங்கியது.

மைனஸ் தொண்ணூற்றாறு.

"தடியனை விட ஒரே ஒரு அடிதான் ஆழம்!" என்று குதித்தாள் விஷ்ணுப்ரியா. "அண்ணா, உங்க போனுக்கு ஒண்ணுமே இல்ல. இது நல்ல போன்!"

மோகன்ராஜ் அந்தக் கீறல் விழுந்த போனை, வீட்டை விட்டுக் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். ஷெர்வின் மூன்று போன்களையும் துணியில் சுற்றத் தொடங்கினான். அவன் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"தம்பி, அந்தத் தடியன இப்டி குடு" என்றாள் பச்சையம்மா.

"எதுக்குக்கா?"

"எனக்கு. அதுக்கு ஒரு சிம்மும் போட்டுக் குடு. பொட்டு வெச்ச பொருள திருப்பி அனுப்பக் கூடாது."

"ஏய், உனக்கு இன்னாத்துக்கு போனு?" என்றான் மோகன்ராஜ்.

அவள் வாயைத் திறப்பதற்குள் வைத்தீஸ்வரன் கையை உயர்த்தி, "குமரவேல், எழுதுப்பா!" என்று ஆணையிட்டுவிட்டார். கூட்டம் வாசலுக்கு நகர்ந்தது. குமரவேல் காதிலிருந்த தூரிகையை எடுத்து, ஆம்புலன்ஸுக்கும் மேலே, முதல் வரியில், சிவப்புப் பெயிண்டில் எழுதினான்: பாம்பு வந்தால் அடிக்காதீர்கள், கூப்பிடுங்கள். மோகன்ராஜ். அதன் கீழே எண். அதற்கும் கீழே, செயலாளர் சொன்னபடி, 'இருபத்துநாலு மணி நேரமும்' என்று முடித்து ஒரு கோடு இழுத்தான். மோகன்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றான். விஷ்ணுப்ரியா படம் எடுத்துக்கொண்டாள்.

பச்சையம்மா எழுத்துக் கூட்டிக் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"பெயிண்டர் தம்பி, அந்தக் கடசி வரிய அழி."

"ஏன்க்கா?"

"இருவத்திநாலு மணி நேரமாவது! ராத்திரி ஒம்போதுக்கு மேல இவரு படுத்தார்னா நல்ல பாம்பு காதாண்ட வந்து சீறினாலும் ஏந்துக்க மாட்டாரு. இத்தினி வருசமா ராத்திரி போன எடுத்து, பயப்படாத கண்ணு, வந்துகினே இருக்காருன்னு சொல்லிட்டு, அப்பறமா இவர ஒதச்சி எழுப்பறது யாருன்னு கேளு. பகலுக்கு மோகன்ராஜுன்னு இருக்கட்டும். ராத்திரிக்குப் பச்சையம்மான்னு எழுது."